கோதுமைக் குலைநோயின் வம்சாவளி

கதிரின் கழுத்துக் கறுத்து நெல் பதராகும் குலைநோயை விவசாயிகள் நன்கறிவார்கள். அதை விளைவிக்கும் பூஞ்சக்காளானில் பல கிளைகள் உள. கோதுமையைத் தாக்கும் கிளை 1985-ஆம் வருஷம் பிரேஸில் தேசத்துப் பரானா மாகாணத்தில் முதன்முதல் காணப்பட்டது.

2016-ஆம் வருஷம் பிப்ரவரியில் வங்காளதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமை இந்நோய்க்கு இரையாயிற்று. அங்கே நெற்குலைநோய் நெடுங்காலமாக உண்டு. அதுவே கோதுமைக்குத் தாவிற்றோ? அவ்வாறாயின் துறைமுகத்தில் தானியத்தைச் சோதிப்பதால் பயனில்லை. பகை அண்டை வயலிலேயே இருக்கின்றது. பூதக்கண்ணாடியோ இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஆகையால் சாஸ்திரிகள் நோயுற்ற இலைகளை வயலிலிருந்தே எடுத்து, அவற்றிலிருந்த காளானின் மரபணுத் தொகுதியை வாசித்து, பிறவிடத்து மாதிரிகளோடு ஒப்பிட்டனர். பழைய பத்திரத்தை நகலெடுப்போன் செய்த பிழை, அந்நகலைப் பார்த்து எழுதிய எல்லாப் படிகளிலும் தொடருமன்றோ? அதுபோல், ஒரே வகை மாறுதல்களை மிகுதியாக உடையவை நெருங்கிய உறவின. வங்காளதேசத்துக் காளான் தென் அமெரிக்கக் கோதுமைக் காளானுக்கே உறவு, உள்ளூர் நெற்காளானுக்கன்று. குற்றம் சாட்டப்பட்ட நெல் வயல் விடுதலை பெற்றது!

2018-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் தோன்றியதும் அதே வம்சமே. ஆயினும் அது வங்காளதேசத்திலிருந்து பரவாமல் தனியே வந்து சேர்ந்ததென 2023-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஒரே வம்சமாதலால் ஒரு சௌகரியமும் உண்டு: ஆர்.எம்.ஜி.8 என்னும் எதிர்ப்பு மரபணுவையுடைய கோதுமை அதனைத் தாங்கி நிற்கின்றது. வேறு கிளையோடு அது கலக்குமாயின் இவ்வனுகூலம் நீங்கக் கூடும். இந்நோய் விதையோடும் செல்லுமாதலின், நோய் கண்ட நிலத்துக் கோதுமையை விதைக்கென வேற்றிடம் அனுப்புதல் கூடாது.