யானை வேலிக்கு ஏற்ற பற்றரியைத் தெரிதல்

வன்னிப் பெருநிலப்பரப்பிலும், மட்டக்களப்பின் படுவான்கரையிலும், அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களிலும் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர், காட்டுயானையால் விளையும் அழிவை நன்கறிவர். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் ஒரே இரவில் மிதிபட்டுப் போவதுண்டு. இதனைத் தடுத்தற்பொருட்டு, விதைப்பு முடிந்ததும் வயலைச் சுற்றி மின்வேலி நாட்டி, அறுவடையின் பின் கழற்றி வைக்கும் வழக்கம் பல இடங்களிற் பரவியுள்ளது. கம்பிக்கும் கட்டைக்கும் தாராளமாய்ச் செலவிடுவோருட் சிலர், பற்றரியை மாத்திரம் கிடைத்தபடி வாங்கிவிடுகின்றனர். பற்றரி ஓய்ந்த இரவில் வேலி வெறுங் கம்பியே. அதிர்ச்சியின்றி ஒருமுறை வேலியைக் கடந்த யானை மீண்டும் வரும்.

வேலி தொழிற்படும் முறை

பற்றரியின் 12 வோல்ற்று மின், துடிப்புப் பொறியினுட் சென்று பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்தப்பட்டு, ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பாகக் கம்பியில் விடப்படுகின்றது. ஒவ்வொரு துடிப்பும் கண்ணிமைப்பினும் மிகக் குறுகியது. ஆதலின் அது விலங்கை அச்சுறுத்துமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்னோ 230 வோல்ற்றில் இடைவிடாது பாய்வது. அதனை நேரே கம்பியில் இணைத்தல் சட்டவிரோதமானது. யானையை மட்டுமன்றி, இருளில் வரம்பில் நடந்துவரும் அயலவரையும், வேலி நாட்டியவரின் பிள்ளைகளையும் கொன்றுவிடும். எக்காரணத்தாலும் இதனைச் செய்தலாகாது.

எவ்வகைப் பற்றரி?

1. மோட்டார் வாகனப் பற்றரி: இதன் ஈயத் தகடுகள் மெல்லியவை. இயந்திரத்தைத் தொடக்குதற்குச் சில விநாடிகள் பெருமின்னைக் கொடுத்தற்கே இது அமைக்கப்பட்டது. இரவு முழுவதும் சிறிது சிறிதாக மின் எடுத்து, அடிக்கடி வெறுமையாக்கினால் விரைவிற் கெட்டுவிடும். விலை குறைவெனினும் ஈற்றில் நட்டமே.

2. தடித்த தகட்டுப் பற்றரி: சூரிய மின் ஏற்பாடுகளுக்கென விற்கப்படுவது. ஆழமாக மின் இறங்குவதைப் பன்முறை தாங்கும். வயல்வேலிக்கு இதுவே பொதுவாக உகந்தது. மூடியைத் திறந்து நீர் விடக்கூடியதும் உண்டு; முற்றாக மூடப்பட்டதும் உண்டு. மூடப்பட்டதற்கு நீர் விடும் வேலை இல்லை. ஆயின் அளவுக்கு மிஞ்சி மின் ஏற்றினால் இழந்த நீரை மீட்க வழியில்லை.

3. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி: பாரம் குறைந்தது, கொள்ளளவிற் பெரும்பங்கைப் பயன்படுத்தலாம், நீடித்து உழைக்கும். விலை அதிகம். இதற்கென அமைந்த மின்னேற்றுங் கருவியும் வேண்டும்.

எவ்வளவு கொள்ளளவு?

பற்றரியின் கொள்ளளவு அம்பியர்-மணியிற் குறிக்கப்படும். துடிப்புப் பொறி எத்துணை மின் எடுக்கும் என்பதை அதன் முகப்பிற் காணலாம். உதாரணமாக, பொறி 0.3 அம்பியர் எடுக்குமாயின்:

ஒரு நாளைக்கு (24 மணித்தியாலம்): 0.3 x 24 = 7.2 அம்பியர்-மணி.
வெயிலற்ற 4 நாட்களுக்கு: 7.2 x 4 = 28.8 அம்பியர்-மணி.
ஈயப் பற்றரியின் கொள்ளளவிற் பாதிக்கு மேல் எடுத்தலாகாது. ஆகவே தேவையானது: 28.8 x 2 = 57.6, அதாவது 60 அம்பியர்-மணிப் பற்றரி.

நான்கு நாட்கள் எனக் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. பெரும்போக நெல் குடலைப்பருவத்தையும் கதிர்ப்பருவத்தையும் அடையும் காலமே வடகீழ்ப் பருவமழைக் காலமுமாம். வானம் தொடர்ந்து மூடியிருக்கும் அந்நாட்களிற்றான் யானையும் கதிரை நாடி வரும். வெயிற்காலத்தைக் கொண்டு கணக்கிட்டவர் மழைக்காலத்தில் ஏமாறுவர்.

சூரியத் தகடும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். மேற்கூறிய பொறிக்கு, வீணாகும் மின்னையுஞ் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 அம்பியர்-மணி மீள ஏற்றப்படல் வேண்டும். நல்ல வெயில் 3 மணித்தியாலமே கிடைக்குமெனக் கொண்டால் 3 அம்பியர் தேவை. இதற்கு 50 உவாற்றுத் தகடு பொருந்தும். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தி இருத்தல் அவசியம்.

வாங்கும்போது நோக்கவேண்டியவை

செய்யப்பட்ட திகதியைப் பார்க்க. மின் ஏற்றப்படாது பல மாதம் கடையிற் கிடந்த ஈயப் பற்றரியின் தகடுகளில் வெண்படிவு இறுகி, கொள்ளளவு குறைந்திருக்கும். வீங்கிய, வெடித்த, அமிலங் கசியும் பெட்டியைக் கொள்ளற்க. உத்தரவாதச் சீட்டைப் பெற்றுக் கவனமாக வைத்திருக்க.

சோதித்தலும் பேணலும்

பொறியையும் தகட்டையும் கழற்றி, சில மணித்தியாலம் ஓயவிட்டு வோல்ற்றுமானியால் அளத்தல் வேண்டும். ஈயப் பற்றரியில் 12.6 அல்லது 12.7 வோல்ற்று எனின் மின் நிறைந்துள்ளது, 12.2 எனின் ஏறக்குறையப் பாதி; 12க்குக் குறையின் தாமதியாது மின் ஏற்றுக. இவ்வளவுகள் இலிதியப் பற்றரிக்குப் பொருந்தா.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுக. கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். முனைகளிற் படியும் பூப்பை அப்பச்சோடாக் கரைசலாற் கழுவித் துடைத்து, வசலீன் பூசுக. மின் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிப்படுவதால், காற்றோட்டமான, நிழலுள்ள பெட்டியில் வைத்து, அண்மையில் நெருப்பை விலக்குக. அமிலம் உடலிற் பட்டால் நிறைந்த நீராற் கழுவுக. கண்ணிற் பட்டால் கழுவியபின் வைத்தியரை நாடுக. வீட்டு மின்னால் பற்றரிக்கு மின் ஏற்றும்போது அதனைப் பொறியிலிருந்து கழற்றிவிடல் வேண்டும்.

அறுவடையின் பின் பற்றரியைக் களஞ்சியத்தில் மறந்துவிடலாகாது. நிறைய மின் ஏற்றி வைத்து, மாதமொருமுறை மீள ஏற்றுக.

பற்றரி நன்றாயிருந்தும் வேலி வலுக்குன்றினால், கம்பியைத் தொடும் புல்லும் கொடியும், உடைந்த காவலிகளும், தளர்ந்த புவித்தொடுப்புமே காரணமாயிருக்கும். அவற்றைச் சீராக்காது பெரிய பற்றரி வாங்குவதாற் பயனில்லை.

பழுதடைந்த பற்றரியில் ஈயமும் அமிலமும் உண்டு. இவை மண்ணுக்கும் கிணற்றுக்கும் நஞ்சு. அதனை உடைக்காது விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

சுருக்கம்

1. வாகனப் பற்றரியை விலக்கித் தடித்த தகட்டுப் பற்றரியைத் தெரிக.
2. வெயிலற்ற நான்கு நாட்களுக்குக் கணக்கிட்டு, அதனை இருமடங்காக்குக.
3. கதிர்ப்பருவத்தில் நாள்தோறும் மாலையில் வோல்ற்றை அளக்க.
4. வீட்டு மின்னை ஒருபோதும் வேலியில் இணைக்கற்க.