பெஹாலாவில் கைத்துப்பாக்கி வாங்குகிறீர்களா?

● முதலில் லைசென்ஸ், பிறகுதான் கடை. 2011 முதல் பெஹாலா கொல்கத்தா போலீஸ் எல்லைக்குள் வருவதால், விண்ணப்பம் போலீஸ் கமிஷனருக்கு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

● உதை குறைவாக வேண்டுமா? .22 தோட்டா ரகம் பாருங்கள். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் ‘நிடர்’ ரிவால்வர் அந்த ரகம்தான். கான்பூரின் .32 ‘நிர்பீக்’கைவிட விலையும் குறைவு.

● ஒரே தோட்டா என்றால், கனமான துப்பாக்கியில்தான் உதை குறைவு. எடை குறைவென்று மயங்க வேண்டாம்.

● தோட்டா இல்லாமல் பிடித்துப் பாருங்கள். பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பாமலே விரல் விசையை எட்ட வேண்டும்.

● வீட்டில் துப்பாக்கி தனியே, தோட்டா தனியே, இரண்டுக்கும் பூட்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பியுங்கள்.