பாலையா, பைன் காடா?

அரிசோனாவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள், முதல் நீண்ட வார இறுதிக்கு எங்கே போவது என்ற முடிவை இருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒருவர் இன்ஸ்டாகிராம். இன்னொருவர் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் அம்மா. இன்ஸ்டாகிராம் செடோனாவின் செம்பாறையைக் காட்டுகிறது. அம்மா வீடியோ காலில், "பாத்ரூம் இருக்கற இடமாப் பாத்து ரூம் போடுடா" என்கிறார். ஒரு சாரார் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் புழுதி தின்றுவிட்டு வருகிறார்கள். மறு சாரார் மோட்டல் அறையில் ஏ.சி. போட்டுப் படுத்துவிட்டு, காட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் இதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். இந்த இரண்டும் அல்லாத வழி ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும். வனத்துறையிடம் இன்னும் 19.3 கோடி ஏக்கர். தடை அறிவிக்காத இடங்களில், ஒரே பகுதியில் பொதுவாக 14 நாள் வரை காசில்லாமல் கூடாரம் அடித்துத் தங்கலாம். டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்பது இதுதான். குழாய், கழிப்பறை, மேசை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கட்டணம் வாங்கும் முகாம் திடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையில் முதன்முறை டென்ட் அடிப்பவருக்கும் கைக்குழந்தையோடு போகிறவருக்கும் அதுவே சரி. மற்றவர்களுக்கு இரண்டு வழி உண்டு: மேட்டுப் பாலை, மலைக்காடு.

மேட்டுப் பாலை என்றால் மணல்மேடு இல்லை. நாலாயிரம், ஐந்தாயிரம் அடி உயரத்தில் ஜூனிபரும் சேஜ்பிரஷ் புதரும் முளைத்த வறண்ட வெளி. யூட்டாவின் சான் ரஃபேல் ஸ்வெல் நல்ல உதாரணம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் போகலாம். பகலில் சட்டை போதும், இரவில் கம்பளித் தொப்பி வேண்டும். நிழலும் தண்ணீரும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் காரில் ஏற்றுங்கள். மழை பெய்தால் களிமண் சாலை இட்லி மாவாகிவிடும். நான்கு சக்கர இழுவை வண்டியும் அதில் நகராது. வறண்ட ஓடைப் படுகை எவ்வளவு சமதளமாக இருந்தாலும் அங்கே டென்ட் போடாதீர்கள். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டெலோப் கேன்யனில் 11 பேரை வெள்ளம் கொண்டுபோனது. மழை பெய்தது அங்கே இல்லை, பல மைல் தள்ளி. மண்ணின் மேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அதை மிதிக்கவும் கூடாது. அது நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய உயிருள்ள தோல். சிதைந்தால் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மலைக்காடு என்று நான் சொல்வது ஃப்ளாக்ஸ்டாஃபைச் சுற்றிய கோகோனினோ காட்டையும், கிராண்ட் கேன்யனை ஒட்டிய கைபாப் காட்டையும். ஏழாயிரம் அடி உயரம். ஃபீனிக்ஸ் கோடையில் வெந்துகொண்டிருக்கும்போது, இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் பைன் நிழலுக்கு வந்துவிடலாம். பாண்டரோசா மரப்பட்டையில் மூக்கை வைத்தால் வெயில் நேரத்தில் வனிலா வாசனை வரும். கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் அறை கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள், தெற்கு வாசலுக்கு வெளியே கைபாப் காட்டுச் சாலைகளில் சும்மாவே தங்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். இங்கும் ஓடை அபூர்வம், தண்ணீரைச் சுமந்துதான் ஆக வேண்டும். ஜூலையில் பருவமழை தொடங்கினால் மதியத்துக்கு மேல் இடி மின்னல். குளிர்காலத்தில் பனி. எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதற்கு வனத்துறையின் இலவச வரைபடம் இருக்கிறது. அதைப் போனில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது.

இனி, எல்லோரும் போக ஆசைப்படும் அந்த இடங்கள். செடோனா, யூட்டாவின் மோவாப், கலிஃபோர்னியாவின் அலபாமா ஹில்ஸ். படத்தில் ஒரே ஒரு டென்ட், பின்னால் சிவந்த பாறை, முன்னால் நெருப்பு, கையில் கித்தார். படமெடுத்தவர் சட்டகத்துக்கு வெளியே தள்ளிய நாற்பது வண்டிகளை நீங்கள் அங்கே போய்த்தான் பார்ப்பீர்கள். கூட்டம் நிலத்தைப் பாழாக்கியதால், செடோனாவுக்கு மேற்கே உள்ள காட்டில் நினைத்த இடத்தில் தங்கும் காலம் முடிந்துவிட்டது. ஒதுக்கிக் கொடுத்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம். மோவாப் சுற்றுவட்டாரத்தில் பல பகுதிகளில் மலத்தையும் பையில் கட்டி எடுத்துவர வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து கிளம்புகிறவருக்கு இடம் மிச்சமிருக்காது. பிறகு நடப்பது எப்போதும் ஒன்றுதான். இருட்டில் கரடுமுரடான சாலையில் வாடகைக் கார் அடி தட்டும். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஏதோ ஒரு வேலியோரம் ஒதுங்குவார்கள். அது அரிசோனா மாநில அறக்கட்டளை நிலமாக இருந்தால், அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்குவதே குற்றம்.

அந்தப் படத்தில் எரியும் நெருப்புதான் எனக்கு எல்லாவற்றையும் விட ஆத்திரம் மூட்டுவது. 2010 ஜூனில் ஃப்ளாக்ஸ்டாஃப் அருகே அணைக்காமல் விட்ட ஒரு முகாம் நெருப்பு 15,000 ஏக்கரை எரித்தது. அடுத்த மாதம் பெய்த மழையை எரிந்த மலைச்சரிவு தாங்கவில்லை. வெள்ளத்தில் ஒரு சிறுமி இறந்தாள். அடுத்த ஆண்டு கிழக்கு அரிசோனாவில் வாலோ காட்டுத்தீ: அதற்கும் காரணம் கவனிக்காமல் விட்ட முகாம் நெருப்பு, 5,38,000 ஏக்கர் போயிற்று. மே, ஜூனில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பார்க்காமல் போகாதீர்கள். தடை இல்லாத நாளிலும் சாம்பலில் நீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகே கிளம்புங்கள். அதற்குத் தண்ணீர் மிச்சமில்லை என்றால் நெருப்பே வேண்டாம். கேஸ் அடுப்பில் ரசம் கொதிக்கும்.

என்னைக் கேட்டால் பைன் காடுதான். கம்பம் பள்ளத்தாக்கில் மலையைப் பார்த்தே வளர்ந்தவன். நிழலில்லாத இடம் எனக்கு ஊராகவே தோன்றாது. ஆனால் வெட்டவெளியில்தான் மூச்சு விட முடிகிறது என்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் பாலைக்குப் போகட்டும். தங்கள் சுபாவம் தெரிந்து போகிறார்கள், பேர் பெற்ற இடம் என்பதற்காகப் போகவில்லை.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பயம் நியாயம்தான். பிள்ளை எங்கே தங்குகிறான், எப்போது திரும்புவான் என்று உள்ளூர் நண்பர் ஒருவரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் வரை போன் வராது என்பதையும் முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உங்கள் அச்சத்துக்காக அவன் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது போதும்.

தம்பிகளே, தங்கைகளே, குளிர் தாங்குமா, தனிமை பிடிக்குமா, எட்டு அங்குலக் குழி தோண்டிக் கழிப்பறையாக்கும் மனம் இருக்கிறதா என்று முதலில் உங்களையே கேளுங்கள். முதல் முறை ஒரே ஓர் இரவு போய் வாருங்கள். வரைபடத்தை விரித்துப் பெயர் தெரியாத ஒரு காட்டுச் சாலையைப் பகலிலேயே தேடிக் கண்டுபிடியுங்கள். முதல் இடம் சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு இடம் பாருங்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். உங்களுக்கு ஒத்துவரும் இடம் ஒரே வார இறுதியில் அமையாது. படிப்பும் தொழிலும்கூட அப்படித்தான். அடுத்தவர் போன இடத்துக்கே போய்க்கொண்டிருந்தால், உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.