ஆட்டோ அண்ணாவுக்கு வர்ற இங்கிலீஷ் நமக்கு ஏன் வரல?

இந்தத் தடவை பாடம் சர்க்யூட் பத்தி இல்ல, வாயைப் பத்தி.

நான் எல்.கே.ஜி.யில் இருந்தே இங்கிலீஷ் மீடியம். ரெக்கார்ட் நோட்டு, செமினார் ஸ்லைடு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாமே இங்கிலீஷ்லதான் எழுதுறேன். (இந்தக் கட்டுரையில ள, ழ மாறியிருந்தா எடிட்டர் திருத்திடுவார்னு நம்புறேன்.) போன செமஸ்டர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூவில் என் ப்ராஜெக்ட்டை விளக்கச் சொன்னாங்க. ஆறு மாசம் நானே சால்டர் வெச்ச போர்டு அது. முதல் வாக்கியம் வந்தது. ரெண்டாவது வாக்கியத்துல பாதியில நின்னுட்டேன். எதிர்ல இருந்தவர் நல்ல மனுஷன், "தமிழ்லயே சொல்லுங்க தம்பி"ன்னார். அவர் உதவிதான் பண்ணார், ஆனா எனக்கு அதுதான் ரொம்ப வலிச்சது.

அதே வாரம் செங்கம் ரோட்டுல, ரமணாசிரமம் பக்கத்துல ஒரு டீக்கடையில் நிக்கிறேன். ஒரு ஆட்டோ அண்ணா வெளிநாட்டு அம்மா ஒருத்தருக்கு கிரிவலப் பாதையை விளக்குறார். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம், செருப்பில்லாம நடக்கணும், பௌர்ணமி அன்னைக்கு ஆட்டோ உள்ள விடமாட்டாங்க, அதனால நாளைக்கே காலையில வாங்க. எங்கயும் தடுக்கல. கிராமர் பார்த்தா தப்பு இருக்கு. 'கோ'வும் 'கோயிங்'கும் அவருக்கு ஒண்ணுதான். ஆனா அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சது. அண்ணா ஏழாவதோட படிப்பை நிறுத்தினவர்.

நம்ம ஊர்ல இது புதுசு இல்ல. பால் பிரண்டனோட புத்தகம் 1934-ல வந்த காலத்துல இருந்தே வெளிநாட்டுக்காரங்க இங்க வந்துட்டிருக்காங்க. அந்த ரோட்டுல பழக்கடை, சைக்கிள் வாடகை, துணிக்கடைன்னு எங்க கேட்டாலும் தடையில்லாத இங்கிலீஷ் கேட்கலாம். "தைரியம்தான் காரணம்"னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அது பாதி உண்மைன்னுதான் படுது. அந்த அண்ணா அதே அஞ்சு நிமிஷப் பேச்சை ஒவ்வொரு சவாரிக்கும் திரும்பத் திரும்பச் சொல்றார். நான் என் ப்ராஜெக்ட்டை வாயால இங்கிலீஷ்ல சொன்னது எத்தனை தடவைன்னு எண்ணிப் பார்த்தேன். அந்த இன்டர்வியூதான் முதல் தடவை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பேசும்போது மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு வில்லெம் லெவெல்ட்ங்கிற மொழி உளவியல் அறிஞர் 1989-ல ஒரு புத்தகத்துல விளக்கியிருக்கார். சுருக்கமா மூணு வேலை: என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணணும், அதுக்கு வார்த்தையைத் தேடி வரிசைப்படுத்தணும், கடைசியா வாயை அசைக்கணும். தமிழ்ல பேசும்போது நடு வேலை தானா நடக்குது. இங்கிலீஷ்ல அதுக்கே முழுக் கவனமும் போயிடுது, அதனால முதல் வேலையும் கெடுது. எழுதும்போது இந்தச் சிக்கல் இல்ல, ஏன்னா அங்க நேரம் இருக்கு.

தமிழ்காரங்களுக்கு இதுல கூடுதலா ஒரு கஷ்டம். இந்த வாக்கியத்தைப் பாருங்க: "போன செமஸ்டர்ல எங்க லேப்ல ஒரு போர்டு செஞ்சோம்." இங்கிலீஷ்ல: "வி மேட் எ போர்ட் இன் அவர் லேப் லாஸ்ட் செமஸ்டர்." தமிழ்ல கடைசியா நிக்கிற 'செஞ்சோம்' அங்க ரெண்டாவது வார்த்தையா வந்துடுது, மீதியும் ஏறக்குறைய பின்னாலிருந்து முன்னாடி வருது. கிரிவலத்தைத் தலைகீழா சுத்துற மாதிரி. அதனால தமிழ்ல யோசிச்சு மாத்திப் பேசுறவங்க, வாக்கியம் முழுக்க மனசுல முடிஞ்ச பிறகுதான் வாயைத் திறக்க முடியும். வாக்கியம் நீளமானா நடுவுல அறுந்துடும். என் ரெண்டாவது வாக்கியத்துக்கு நடந்தது இதுதான்.

இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு. பேரு 4-3-2. கீத் மாரிஸ்ங்கிறவர் 1983-ல எழுதினது, பிறகு நியூசிலாந்து பேராசிரியர் பால் நேஷன் பரவலாக்கினார். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை ஒருத்தர்கிட்ட 4 நிமிஷம் பேசுங்க. அடுத்து வேற ஒருத்தர்கிட்ட அதையே 3 நிமிஷத்துல. மூணாவது ஆள்கிட்ட அதையே 2 நிமிஷத்துல. எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது, மனப்பாடமும் கூடாது. கேக்குறவர் நடுவுல திருத்தவும் கூடாது, கேட்டா போதும். ஆள் மாறுறது முக்கியம். ஒரே ஆள்கிட்ட மூணு தடவை சொன்னா அவருக்கும் போர், நமக்கும் சொல்ற ஆசை போயிடும்.

ரெண்டாவது தடவை பேசும்போது 'என்ன சொல்றது'ங்கிற வேலை முடிஞ்சிருக்கும். வார்த்தைகளும் இப்பத்தான் வந்து போயிருக்கும். மிச்சப்படுற கவனம் வேகமா மாறுது. ஆட்டோ ஸ்டாண்டுல தினமும் நடக்கிறதும் இதேதான்.

"ஒரே விஷயத்தைச் சொன்னா அந்த விஷயம் மட்டும்தானே வரும்?" நானும் இதைத்தான் கேட்டேன். நெல் டி யோங், சார்ல்ஸ் பெர்ஃபெட்டி ரெண்டு பேரும் 2011-ல வெளியிட்ட ஆய்வுல இதைச் சோதிச்சாங்க. ஒரு குழு ஒரே தலைப்பை மூணு தடவை பேசினாங்க, இன்னொரு குழு மூணு தடவையும் வேற வேற தலைப்பு. பயிற்சி நேரத்துல ரெண்டு குழுவுக்கும் சரளம் கூடுச்சு. பின்னால புதுத் தலைப்பு கொடுத்துப் பார்த்தப்போ, அது நிலைச்சது திருப்பிச் சொன்னவங்களுக்குத்தான். தினம் ஒரு புது டாபிக் எடுக்குற நம்ம ஜி.டி. பழக்கத்தை நினைச்சுப் பாருங்க.

குறையும் இருக்கு. ஃபிராங்க் போர்ஸ் 2014-ல எழுதினது: முதல் தடவை பண்ற தப்பு அடுத்த ரெண்டு தடவையும் அப்படியே வருது, நேரம் குறையுற அவசரத்துல திருத்த முடியல. எங்க கூட்டத்துல ஒருத்தன் "வி டிட் நாட் வென்ட்"ன்னு மூணு தடவையும் அழகா, வேகமா சொன்னான். அதனால முதல் சுற்று முடிஞ்சதும் ரெண்டே ரெண்டு நிமிஷம் எடுத்து, ரெண்டே ரெண்டு தப்பை மட்டும் சரி பண்ணிக்கிறோம். பத்துத் தப்பைத் திருத்தினா மறுபடி வாய் கட்டிடும்.

நாலு பேர் இருந்தா கணக்கு அழகா வரும். ரெண்டு ரெண்டு ஜோடி, மூணு சுற்று, ஒவ்வொரு சுற்றுலயும் புது ஜோடி. ஆளுக்கு 9 நிமிஷப் பேச்சு. திருத்தும் நேரத்தோட மொத்தம் 20 நிமிஷம். நாங்க ஞாயிறு காலையில கிரிவலப் பாதையில நடந்துட்டே பண்ணோம். நடக்கும்போது எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல, பாதி கூச்சம் அங்கயே போயிடுது. அக்னி லிங்கம் தாண்டி ஆரம்பிச்சோம், எம லிங்கம் பக்கத்துல டீ. தயவுசெஞ்சு பௌர்ணமி அன்னைக்கு முயற்சி பண்ணாதீங்க, பக்கத்துல நடக்குறவன் குரலே கேக்காது.

ஆள் கிடைக்கலன்னா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. என் முதல் நாள் ரெக்கார்டிங்ல 4 நிமிஷத்துக்கு 231 வார்த்தை, அதாவது நிமிஷத்துக்கு 58 போல. மூணு வாரம் கழிச்சு நிமிஷத்துக்கு 84. இது என் ஒருத்தனோட கணக்கு, ஆராய்ச்சி இல்ல.

ஆனா எண்ணை மட்டும் பார்க்காதீங்க. எங்க நிக்குறீங்கன்னு கேளுங்க. ஒரு கருத்து முடிஞ்சு அடுத்ததுக்குப் போகும்போது நின்னா யாருக்கும் உறுத்தாது. 'வி யூஸ்ட் எ...'ன்னு நடுவுல நின்னா எல்லாருக்கும் உறுத்தும். தமிழ்லயும் நாம நிக்காமப் பேசுறதில்ல, "நான் வந்து... நேத்து வந்து..."ன்னு ஒரு 'வந்து' போட்டு சமாளிக்கிறோம். இங்கிலீஷ்ல அந்த 'வந்து' நம்மகிட்ட இல்ல. "லெட் மீ திங்க்", "வாட் ஐ மீன் இஸ்", "இட் டிபெண்ட்ஸ் ஆன்" மாதிரி நாலு துண்டு முழுசா கைவசம் இருந்தா அந்த இடைவெளியில மூச்சு விடலாம். வார்த்தை வார்த்தையா கோக்க வேண்டாம், துண்டாவே வாயில இருக்கணும்.

ஜூனியர்ஸ், முதல் வாரத்துக்கு பெரிய தலைப்பு எடுக்காதீங்க. செயற்கை நுண்ணறிவு எதிர்காலம்னு ஆரம்பிச்சா தமிழ்லயே நமக்கு வராது. உங்க வீட்ல இருந்து காலேஜுக்கு வர்ற வழி, அம்மா செய்ற ஒரு குழம்பு, தீபத் திருவிழா அன்னைக்கு உங்க தெரு, உங்க மினி ப்ராஜெக்ட். நாலாவது வாரம் 'டெல் அஸ் அபவுட் யுவர்செல்ஃப்'. ஹாஸ்டல் மொட்டை மாடியில செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க இருப்போம். இப்போ மூணு பேர்தான் வர்றோம், நாலாவது ஆள் வேணும்.