புஷ் சமவெளியின் விவசாயி

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகரம் ஒலிம்பியா. அங்குள்ள சட்டமன்ற வளாகத்தில் 2021ஆம் ஆண்டு ஒரு நினைவுச்சின்னம் திறந்துவைக்கப்பட்டது. அது ஜார்ஜ் புஷ் என்பவரையும் அவருடைய குடும்பத்தையும் நினைவுகூர்கிறது. இப்பெயரைக் கேட்டதும் அமெரிக்க அதிபர்கள் இருவர் நினைவுக்கு வரக்கூடும். இவரோ அவர்களுக்கு நூறாண்டுகளுக்கும் மேல் முற்பட்டவர். ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த விவசாயி.

மிசூரி மாநிலத்தில் புஷ் வசதியாகவே வாழ்ந்தார். ஆனால், அங்கே அடிமைமுறை நடப்பில் இருந்தது. தம் பிள்ளைகள் சுதந்திரமாக வளர வேண்டும் என்று விரும்பிய அவர், 1844இல் மனைவி இசபெல்லாவுடனும் ஐந்து மகன்களுடனும் மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். நண்பர் மைக்கேல் சிம்மன்ஸின் குடும்பம் உட்பட வேறு சில வெள்ளையர் குடும்பங்களும் உடன் சென்றன. வழிச்செலவுக்குப் பணமில்லாமல் தவித்தவர்களுக்குப் புஷ்தான் கைகொடுத்தார்.

பல மாதப் பயணத்திற்குப் பின் ஆரிகன் பகுதியை அடைந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. கறுப்பினத்தவர் அங்குக் குடியேறக் கூடாது என்றும் மீறுவோருக்குச் சாட்டையடி என்றும் அவ்வாண்டுதான் சட்டம் இயற்றியிருந்தார்கள். கொலம்பியா ஆற்றின் தென்கரையில் நல்ல விளைநிலம் இருந்தது. சிம்மன்ஸ் குழுவினர் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால், அவர்கள் புஷ்ஷை விட்டுப் பிரியவில்லை. 1845இல் எல்லாரும் ஆற்றைக் கடந்து வடக்கே சென்றார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் அப்போது உரிமை கொண்டாடிய அந்தப் பகுதியில் ஆரிகன் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. புஷ் உழுது பயிரிட்ட நிலத்துக்குப் புஷ் சமவெளி என்ற பெயர் வந்தது.

1852இல் அவ்வட்டாரத்தில் தானியம் அரிதானது. புதிதாக வந்த குடியேறிகளுக்குச் சாப்பிட எதுவும் இல்லை. புஷ்ஷின் களஞ்சியமோ நிறைந்திருந்தது. வணிகர்கள் அதிக விலை தருவதாகச் சொல்லி அவரை மொய்த்தார்கள். அவர் விற்க மறுத்தார். அக்கம்பக்கத்தாருக்கு உண்ணவும் விதைக்கவும் தானியத்தைக் கொடுத்தார். கையில் காசில்லாதவர்கள் பிறகு திருப்பித் தந்தால் போதும் என்றார்.

ஆனால், அந்த நிலமே அவருக்குச் சொந்தமாக இல்லை! 1846இல் எல்லை வரையறுக்கப்பட்டு அப்பகுதி அமெரிக்காவின் வசமானது. 1850இல் வந்த நிலக்கொடைச் சட்டம் கறுப்பினத்தவருக்கு நிலம் தரவில்லை. ஐந்தாண்டு பாடுபட்ட மண்ணை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்ற நிலை. வட்டாரச் சட்டமன்றத்தினர் இதைச் சும்மா விடவில்லை. புஷ்ஷுக்கு நிலவுரிமை வழங்கும்படி அமெரிக்க நாடாளுமன்றத்திடம் மனுக் கொடுத்தார்கள். 1855இல் 640 ஏக்கர் நிலம் அவருக்கும் அவர் மனைவிக்கும் உரியதென நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அவர் ஒருவருக்காக வளைந்த சட்டம், அவரைப் போன்ற மற்றவர்களுக்காக வளையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாக்குரிமை மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1863இல் புஷ் காலமானார். வாஷிங்டன் 1889இல் தனி மாநிலமானபோது, அதன் முதல் சட்டமன்றத்தில் அவருடைய மூத்த மகன் ஓவன் புஷ் உறுப்பினராக அமர்ந்தார். இன்றைய வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்த மசோதாவை அங்கே முன்வைத்தவர் அவர்தான்.