மாமரத்து வாண்டாவும் புல்லுருவியும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், முக்கியமாய் அழகர்கோயில், மேலூர், நத்தம் பக்கங்களிலுள்ள முதிய மரங்களின் கவட்டைகளில், நாடா போன்ற தடித்த இலைகளுடன் ஒரு செடி தொற்றியிருப்பதை விவசாயிகள் சிலர் பார்த்திருக்கலாம். இதையும் புல்லுருவியென்று கருதி அரிவாளுக்கு இரையாக்குவது தவறு. நிரபராதியான செடி ஒன்று மடிவதோடு, மெய்யான சத்துருவும் தப்பித்துக்கொள்கிறது.

ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த இதன் சாஸ்திரப் பெயர் வாண்டா டெஸ்ஸெலேட்டா. கோரமண்டல் கரைத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பரோ 1795-ம் ஆண்டில் இதை வர்ணித்தார். வாண்டா என்பது வடமொழியிலிருந்து வந்த பெயர். பிற மரத்தின்மேல் வாழும் செடிகளுக்கு அச்சொல் பொதுவாய் வழங்கியது. ஆகவே குழப்பம் பழமையானதே போலும்!

தண்டு ஓரிரு அடி உயரும். இலைகள் நடுவில் மடிந்து, நுனி கடித்தெடுத்தாற்போலிருக்கும். பூவிதழில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தின்மீது பழுப்புக் கட்டங்கள் ஓடும், உதடு ஊதா நிறம், நறுமணமுண்டு.

கவனிக்கத்தக்கவை இதன் வேர்களே. இவை பட்டையைப் பற்றிக்கொள்கின்றனவேயன்றி உள்ளே புகுவதில்லை. வேரைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற வெண்மையான உறையொன்றிருக்கிறது. மழையோ பனியோ பட்டால் அது நீரை உறிஞ்சிப் பச்சையாய்த் தோன்றும். பட்டையில் படியும் தூசும் சருகு மக்குமே உரம். பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்பதால் நம் கோடையையும் தாங்குகிறது. மரத்திற்கு யாதொரு நஷ்டமுமில்லை. ஆனால் விருத்தி மிகத் தாமதம். ஒரு காயில் தூள் போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருப்பினும், அவற்றில் சேமித்த உணவில்லை. தகுந்த பூஞ்சாணம் சேர்ந்தாலன்றி முளையா.

புல்லுருவியோ பட்டையைத் துளைத்துக் கட்டைக்குள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தி, நீரையும் உப்புச் சத்துக்களையும் கவர்கிறது. பற்றிய இடத்தில் கிளை புடைத்திருக்கும். அதற்கப்பால் கிளை மெலிந்து காயும். பழத்தின் பிசினுள்ள விதையைப் பூக்கொத்திக் குருவி கிளைக்குக் கிளை பரப்புகிறது. மேலூர்ப் பக்கத் தோப்பொன்றில் கூலியாட்கள் வாண்டாவை முழுதும் பிடுங்கியெறிந்து, புல்லுருவியின் இலைக்கொத்தை மாத்திரம் கழித்திருந்ததை நான் நேரில் கண்டேன். மறு வருஷமே அது முன்னிலும் அடர்ந்து தழைத்திருந்தது! பற்றிய இடத்திற்கு ஓரடி கீழே, நல்ல கட்டையில், கிளையோடு அறுக்க வேண்டும். பழம் பழுக்குமுன் செய்தால் பரவுதலும் நிற்கும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. சாலையோரப் புளிய மரங்களையோ புறம்போக்கு மரங்களையோ வெட்ட நேரிடுங்கால், வாண்டா உள்ளதா என்று முன்னதாகப் பார்க்கச் சொல்லுங்கள். முதிய மரங்கள் குறையக் குறைய இச்செடியும் அரிதாகிவருகிறது. காட்டிலிருந்து பெயர்த்து விற்பதற்கு இடங்கொடுக்கலாகாது. 1975-ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தப்படி ஆர்க்கிட் வகைகளின் அயல்நாட்டு வியாபாரமும் கட்டுப்பாட்டுக்குட்பட்டதே. வீழ்ந்த கிளையிலுள்ள செடியை வேரறாமல் பட்டையோடு செதுக்கி, சொரசொரப்பான பட்டையுள்ள வேறொரு மாமரத்தில், இளநிழலில், தென்னை நாரால் கட்டலாம். புது வேர் பற்றும்வரை காலையில் நீர் தெளித்தால் போதும். மண்ணில் நட்டால் வேர் அழுகிவிடும்.