ஒரே தப்புக்கு ரெண்டு அளவா?

இந்த மாதப் பாடத்துக்கு நாம் இங்கிலாந்து வரை போகிறோம். தாமஸ் ஹார்டி என்ற எழுத்தாளரின் ‘டெஸ்’ நாவல் 1891-ல் வெளிவந்தது. டெஸ்ஸும் நம்மைப்போல மாடு கறந்து, வயலில் கிழங்கு தோண்டிப் பிழைத்தவள்தான்.

ஏழை வீட்டு மூத்த பெண். இருந்த ஒரே வண்டிக் குதிரையும் செத்துப்போக, பெற்றவர்கள் அவளைப் பணக்கார வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்த வீட்டு மகன் அலெக், ஒரு ராத்திரி காட்டுக்குள் அசந்து தூங்கும் அவளைக் கெடுத்துவிடுகிறான். குழந்தை பிறக்கிறது. அது சாகக் கிடக்கும்போதுகூட மானம் போகும் என்று பாதிரியாரை வீட்டுக்குள் விட அப்பா சம்மதிக்கவில்லை. டெஸ்ஸே நடு ராத்திரியில் தம்பி தங்கைகளை எழுப்பி நிற்க வைத்து, தன் கையாலேயே ஞானஸ்நானம் கொடுக்கிறாள்.

பிறகு வேறு ஊரில் பால் பண்ணை வேலை. அங்கே ஏஞ்சல் என்ற படித்த பையன் அவளை விரும்பிக் கட்டிக்கொள்கிறான். கல்யாண ராத்திரி அவன்தான் முதலில் வாய் திறக்கிறான். லண்டனில் ஒரு பெண்ணோடு ரெண்டு நாள் தவறாக இருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். டெஸ் உடனே மன்னிக்கிறாள். அந்தத் தைரியத்தில் தன் கதையையும் சொல்கிறாள். அவ்வளவுதான், அவன் முகம் மாறிவிடுகிறது. சில நாளில் அவளை விட்டுவிட்டு பிரேசில் நாட்டுக்குப் புறப்படுகிறான்.

அவன் செய்தது விரும்பிச் செய்தது. அவளுக்கு நடந்தது அவள் கேட்டு நடந்ததல்ல. இன்னொன்றும் உண்டு. பெண்டாட்டி தவறியவள் என்று பிரிந்தவன், போகிற வழியில் அவளுடைய தோழியையே தன்னோடு பிரேசிலுக்குக் கூப்பிடுகிறான்! பிறகு மனசு மாறி விட்டுவிட்டான், அது வேறு விஷயம்.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீங்க. இங்கிலாந்தின் 1857 சட்டப்படி, மனைவி தவறினால் அது ஒன்றே போதும், கணவன் விவாகரத்து வாங்கலாம். கணவன் தவறினால் அது போதாது. கொடுமை செய்தான், கைவிட்டான் என்பதுபோல இன்னொரு குற்றத்தையும் அவள் நிரூபிக்க வேண்டும். 1923-ல்தான் அங்கே சமமானது. வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே 1869-ல் கிறிஸ்தவர்களுக்குக் கொண்டுவந்த விவாகரத்துச் சட்டத்திலும் இதே அளவுதான். அதைத் திருத்தியது 2001-ல். கணக்குப் பாருங்க, 132 வருஷம்!

ஹார்டி தன் புத்தகத்துக்கு ‘தூய்மையான பெண்’ என்று துணைத் தலைப்பு வைத்தார். பலருக்குக் கோபம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோதோ, அலெக் பொய்க் கல்யாணம் செய்து ஏமாற்றியதாக மாற்றி எழுத வேண்டியிருந்தது.

முடிவு துயரமானது. அப்பா சாகிறார், வீட்டுக் குத்தகை அவர் ஆயுளோடு முடிகிறது. தாயும் பிள்ளைகளும் தெருவுக்கு வருகிறார்கள். அவர்கள் வயிற்றுக்காக டெஸ் மறுபடி அலெக்கிடம் போகிறாள். ஏஞ்சல் மனம் திருந்தித் திரும்பும்போது காலம் கடந்துவிட்டது. அலெக்கைக் கொன்ற டெஸ்ஸைத் தூக்கில் போடுகிறார்கள்.

கூட்டத்தில் பேச: பழைய கதையை மாப்பிள்ளையிடம் சொல்லாதே என்று டெஸ்ஸின் அம்மா கல்யாணத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார். அம்மா சொன்னது சரியா, மகள் செய்தது சரியா? மகனுக்குப் பெண் பார்க்கும் அக்காமார் முதலில் பேசட்டும்.